மூன்றாவது பிஸ்டன்

நான்காவது இன்ஜெக்டரையும் கழற்றித் துணிமேல் வைத்தபோது பின்னாலிருந்து அண்ணன் கேட்டார்.

"எங்கடா வந்திருக்கோம்?"

"எங்கயும் வரலண்ணா. நம்ம பட்டறைலதான் நிக்கறோம்."

"ஓ" என்றார் அண்ணன், கொஞ்சம் ஏமாற்றமாக.

அது வீட்டு வண்டி. முன்னால் இரண்டு இருக்கை, நடுவில் ஒற்றை அடுப்பும் கைகழுவும் தொட்டியும், பின்னால் ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில். இன்ஜின் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் ஒரு மூடிக்குக் கீழே இருந்தது. மூடியைத் தூக்கினால் வீட்டுக்குள் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். தலையைத் திருப்பினால் போர்வைக்கு வெளியே அண்ணனின் பாதங்கள் தெரியும்.

வேலை பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் பெயர் நட்டு. ஐந்து வயதில் ஒரு நட்டை விழுங்கிவிட்டு மூன்று நாள் வீட்டையே கலங்கடித்தவன். ஐம்பத்திரண்டு வயதில், சொந்தமாக டீசல் பட்டறை வைத்த பிறகும் அண்ணனுக்கு அவன் நட்டுதான்.

அண்ணன் முப்பது வருடம் ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்களுக்கு ரயில் டிக்கெட் கொடுத்தவர். ஓய்வு பெற்ற மறுமாதம் இந்தப் பழைய வண்டியை வாங்கினார். நட்டு இன்ஜினை முழுசாகப் பிரித்துப் புதுப்பித்துக் கொடுத்தான். அண்ணனும் அண்ணியும் ஏறியவர்கள் எட்டு வருடம் இறங்கவில்லை. வண்டிக்கு ஒரே ஒரு குறை. இன்ஜின் எண்ணெயைக் குடித்தது. ஐநூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் எண்ணெய் கேன் இருந்தது.

போன மாதம் அண்ணன் விஷயத்தில் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். எங்கே பிடிக்குமோ அங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அண்ணன் தன் கட்டிலைக் காட்டினார். வண்டியைப் பட்டறை முற்றத்தில் நிறுத்தினார்கள். முதல் நாளே அண்ணன் சொன்னார்: "இந்த எண்ணெய் எங்கதான் போகுதுன்னு தெரியாம நான் போக மாட்டேன் நட்டு. கண்டுபிடி."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் நட்டு அதைப் பிடித்துக்கொண்டான். மூன்று நாள் வேலையை ஒரு மாதமாக இழுத்தான். வண்டிக்கடியில் அட்டை விரித்து ஒரு வாரம் காத்திருந்தான். ஒரு சொட்டு விழவில்லை. ரேடியேட்டர் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தான், சுத்தம். டர்போ குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தான், காய்ந்து கிடந்தது. வால்வு சீல்கள் போன வருடம் மாற்றியவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் வேறு வேலை வந்ததாகச் சொன்னான்.

இன்று காலை அண்ணி, கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே திருப்பி எடுத்து வந்தவள், படியில் நின்று சொன்னாள்.

"தம்பி, இன்னைக்கு அதப் பாத்து முடிச்சிடுங்க."

"பாக்கறேன் அண்ணி. அவசரம் ஒண்ணும்..."

"வலி தாங்கலப்பா அவருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

அழுத்தமானியை முதல் சிலிண்டரில் முடுக்கிவிட்டு சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் முனகியது. வண்டி இலேசாக ஆடியது. திரைச்சீலைகள் ஆடின, கொக்கியில் தொங்கிய கரண்டிகள் ஒன்றை ஒன்று தொட்டன. கூரையில் படர்ந்திருந்த இலைநிழல் நகர்ந்தது போலிருந்தது.

"கிளம்பிட்டோமா?" என்றார் அண்ணன்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான் நட்டு. "கிளம்பிட்டோம்ணா" என்றான்.

"மெதுவாப் போ. பாலம் வரும்."

இரண்டாவது சிலிண்டருக்கு வண்டி ஆடியபோது பாலம் வந்தது. மூன்றாவதற்கு ஆற்றில் யாரோ ஒருத்தி பாய்களை அலசிக்கொண்டிருந்தாள். ஒரு பாய் கைதவறிப் போய்விட்டதாம், அதன்மேல் ஒரு கொக்கு உட்கார்ந்து சவாரி போகிறதாம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். நான்காவதற்கு மலைப்பாதை. நட்டு கேட்டுக்கொண்டே முள்ளைப் பார்த்தான். நான்கிலும் ஒரே அழுத்தம். எந்தக் குறையும் இல்லை.

வெளியே ஒழுகவில்லை. தண்ணீரில் கலக்கவில்லை. அழுத்தமும் போகவில்லை. அப்படியானால் ஒன்றுதான் மிச்சம் என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் சிறு கேமராவை நிதானமாகத் துடைத்தான். இன்ஜெக்டர் துளை வழியே உள்ளே இறக்கினான். முதல் பிஸ்டனின் தலையில் உலர்ந்த கரி. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் விளிம்பைச் சுற்றி கரி கழுவிவிட்டது போல உலோகம் பளபளத்தது. ஈரம்.

நட்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும், எண்ணெயை வழித்துக் கீழே அனுப்பவேண்டிய வளையத்தில், மேலே பார்க்கவேண்டிய பக்கத்துக்கு ஒரு சிறு புள்ளி குறி இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் அழுத்தம் குறையாது. எண்ணெயை மட்டும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அது எரிந்து போகும். யாருக்கும் தெரியாது. பிரித்துப் பார்த்தால்தான் நிச்சயம். ஆனால் அவனுக்கு எட்டு வருடத்துக்கு முன் இன்ஜினைப் பூட்டிய அந்த மத்தியானம் ஞாபகம் வந்துவிட்டது.

அன்றைக்கு அண்ணன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பிஸ்டனைப் பிடித்துக்கொண்டே ஒரு பழைய கதை சொன்னார். ஒரு கிழவி கவுண்டருக்கு வந்து, "உனக்குப் பிடிச்ச ஊருக்கு ஒண்ணு குடுப்பா" என்றாளாம். அண்ணன் எந்த ஊரையும் பார்த்ததில்லை. பட்டியலில் கடைசியாக இருந்த ஊருக்குக் கொடுத்தார். அடுத்த வாரம் அவள் திரும்பி வந்து, வரிசையை எல்லாம் தள்ளிவிட்டு, "உனக்கு ரசனையே இல்ல" என்று திட்டிவிட்டுப் போனாளாம். நட்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் வளையத்தை மாட்டினான்.

எழுந்து கட்டிலுக்குப் போனான். அண்ணனின் கண்கள் திறந்திருந்தன. தெளிவாக இருந்தன.

"என்னடா?"

"கண்டுபிடிச்சிட்டேண்ணா. நான்தான். மூணாவது பிஸ்டன்ல வளையத்தத் தலைகீழா போட்டிருக்கேன்."

"எட்டு வருஷமாவா?"

"ம். அந்த டிக்கெட் கிழவி கதை சொன்னீங்களே... அப்ப."

அண்ணன் கூரையைப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுபட்டது.

"அப்போ பாதித் தப்பு என்னுது" என்றார்.

நட்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"எண்ணெய் ஊத்தணும்னுதான்டா அங்கங்க நிறுத்துவேன். அப்பதான் உங்க அண்ணி எறங்கி நடப்பா. நானும் பின்னாடியே போவேன்." மூச்சு வாங்கியது. "இல்லன்னா ஓட்டிக்கிட்டே இருந்திருப்பேன்."

"சரி பண்ணிடட்டுமா?"

"அவ ஓட்டறதா இருந்தா அவளக் கேளு." கண்களை மூடிக்கொண்டார். "இப்ப கிளப்பு."

நட்டு இன்ஜெக்டர்களைத் திரும்பப் பூட்டினான். சாவியைத் திருப்ப, கொஞ்சம் திணறிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டி முழுக்க மெல்லிய அதிர்வு பரவியது. துவைத்த துணிகளோடு வந்த அண்ணி, சத்தத்தைக் கேட்டுப் படியிலேயே ஒரு கணம் நின்றாள். பிறகு வாளியை வைத்துவிட்டுக் கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள்.

நட்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்திருந்தான். எதிரே பட்டறைச் சுவர். வெயில் அதன்மேல் ஏறி, மங்கி, மறுபடி ஏறியது. பின்னால் அவர்கள் பேசுவது கேட்டது. வார்த்தைகள் புரியவில்லை. ஒருமுறை அண்ணி சிரித்தது மாதிரி இருந்தது. அப்புறம் இன்ஜின் மட்டும்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"தம்பி" என்றாள் அண்ணி. "வண்டிய நிறுத்திடுங்க."

நிறுத்தினான். திரைச்சீலைகள் இன்னும் கொஞ்சம் ஆடி நின்றன.

அவன் திரும்பவில்லை. அண்ணிதான் கேட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ம்."

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். என் தப்புதான் அண்ணி. அவர் பாதித் தப்பு தன்னோடதுன்னார்."

அண்ணி போர்வையை இழுத்து அண்ணனின் பாதங்களை மூடினாள்.

"எதையும் முழுசா ஒத்துக்க மாட்டாரே" என்றாள்.

சாயங்காலத்துக்குள் உறவுக்காரர்கள் வந்து அண்ணனைப் பட்டறையை ஒட்டிய வீட்டின் முன்னறைக்குக் கொண்டுபோனார்கள். உடலை எடுத்துப்போகும் வண்டி உள்ளே வர இடம் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நட்டு வீட்டு வண்டியைப் பின்னெடுத்துச் சுவரோரம் விட்டான். இறங்கியபோது தூறல் போட ஆரம்பித்திருந்தது.

ஒரு மாதம் வண்டி நின்ற இடத்தில் புல் வெளுத்து, ஓர் அறையின் அளவுக்கு நீள்சதுரமாகப் படுத்துக் கிடந்தது. தூறல் அதன்மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்துகொண்டிருந்தது. அண்ணி முற்றத்தைக் கடந்து வந்தாள். அந்த நீள்சதுரத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போய் நின்றாள்.