தகவலாளி நான்கு

எங்கள் ஆட்கள் மண்ணை முகர்ந்தே நீர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். முதுகலை ஆய்வுக்கு அதைத்தான் எடுத்திருந்தேன். ஊரடங்கில் விடுதியிலேயே மாட்டிக்கொண்டதால் கள ஆய்வெல்லாம் போனில்தான். பாதிக்கு மேல் சொன்னது அம்மா. ஆய்வேட்டில் பெயர் வராது, தகவலாளி நான்கு என்று எண்தான் வரும் என்றதும் சிரித்துவிட்டாள்.

"நான் என்னடி பஸ்ஸா, நம்பர் போட?"

ஆய்வேட்டைக் கொடுத்த கையோடு அந்த நோய் அம்மாவைக் கொண்டுபோயிற்று. சாலையெல்லாம் அடைப்பு. என்னால் போக முடியவில்லை.

எங்களில் இறந்தவர் பெயரை வீட்டார் சொல்லக் கூடாது, எழுதவும் கூடாது. மூன்றாம் நாள் வெளியாள் ஒருவர் வீட்டாரின் முகத்தைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்வார். அதன்பிறகுதான் வாய்விட்டு அழலாம். ஊரில் அண்ணனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். எனக்கு யார் சொல்வது? ஊரில் இருப்பதெல்லாம் பட்டன் போன், அதில் முகம் ஏது? விடுதியிலோ வாட்ச்மேனைத் தவிர ஈ காக்கை இல்லை. அவருக்கு அம்மாவின் பெயர் தெரியாது. அழாமலே ஒரு மாதம் ஓடியது.

வாய்மொழித் தேர்வு கணினித் திரையில் நடந்தது. வெளித்தேர்வாளர் எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டார்.

"களத்துக்கே போகல. இந்தத் தகவலாளி நான்குன்னு ஒருத்தர் நிஜமாவே இருக்காங்களா? பேரச் சொல்லுங்க, போதும்."

சொல்லாவிட்டால் பட்டம் போகும். அதைவிட, அம்மா நான் கட்டிவிட்ட கதையாகிவிடுவாள். வழக்கத்தை விளக்கலாம்தான். மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியும் இருந்தேன், மனிதர் புரட்டவே இல்லை போலும். ஆனால் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், இன்னும் அழக் கூடாது.

"மைக் ஆஃப்ல இருக்கு போல, பாருங்கம்மா."

மைக் நன்றாகத்தான் இருந்தது.

வழிகாட்டி மேடம் ஓர் அடிக்குறிப்பு விட்டுப்போனாலும் கடித்துக் குதறுபவர். ஒப்புதல் படிவங்களில் பெயர்களைப் பார்த்தவரும் அவர் ஒருவர்தான். அம்மா போனதை நான் அவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு அருகில் வந்தார்.

"எப்பம்மா?"

"போன மாசம், மேடம்."

என் முகத்தையே பார்த்தார். பிறகு நிறுத்தி, நிதானமாக, அம்மாவின் பெயரைச் சொன்னார்.

தேர்வாளர் குறித்துக்கொண்டார். "சரி, அடுத்த கேள்விக்குப் போலாமா?"

"கொஞ்சம் இருங்க சார்," என்றார் மேடம். "இப்பத்தான் அவ அழலாம்."

மேசையில் தலையைச் சாய்த்து, கீழே இருந்து வாட்ச்மேன் ஓடிவரும் அளவுக்கு அழுதேன்.