செல்லப்பிராணியின் பெயர் என்ன?

அந்த முடிதிருத்தும் கடையில் வானொலிப் பெட்டி கிடையாது. கடைக்காரரே இருக்கும்போது அது எதற்கு? கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் அவர் வாய் ஓயாது. எல்லாரும் அவரை 'ரேடியோ' என்றே கூப்பிட்டார்கள்.

போன வருடம் ரேடியோ சாவகாசமாகக் கடைசி நாளில் வரிக்கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்தார். "நீங்கள் ஏற்கெனவே தாக்கல் செய்துவிட்டீர்கள்" என்றது திரை. எவனோ அவர் பெயரில் உள்ளே புகுந்து, முந்திக்கொண்டு கணக்குக் காட்டி, வரவேண்டிய ரீஃபண்டையும் தன் பக்கம் திருப்பிவிட்டிருந்தான். அதில்தான் புது நாற்காலி வாங்குவதாக இருந்தார். இருக்கிற நாற்காலி முடி வெட்ட வெட்டத் தானாகக் கீழே இறங்கும். மீசைக்கு வரும்போது ரேடியோ மண்டி போட்டிருப்பார்.

புகார் கொடுக்கப் போனபோது வரி அலுவலகத்து அம்மாள் கேட்டார்: "பாஸ்வேர்டு மாத்த ஒரு ரகசியக் கேள்வி இருக்குமே, முதல்ல வளர்த்த செல்லப்பிராணி பேரு. அது யார் யாருக்குத் தெரியும்?"

ரேடியோ விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, கைவிட்டார். 'மேனேஜர்' என்ற நாயின் கதையைக் கேட்காமல் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தவர் கிடையாது. ஒரு வேலையும் செய்யாது, வேலை செய்கிறவர்களைப் பார்த்துக் குரைக்கும். அதனால் அந்தப் பெயர்.

"இனிமே இதையெல்லாம் போன்ல யாராவது கேட்டா அது நாங்க இல்ல" என்று சொல்லி அனுப்பினார் அம்மாள்.

இந்த வருடம் மனைவி போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஏங்க, முதல் நாளே தாக்கல் பண்றோம். புது பாஸ்வேர்டு. ரகசியக் கேள்விக்கு மேனேஜர் வேண்டாம்."

"நான் வளர்த்தது அது ஒண்ணுதானே?"

"பொய் சொல்லுங்க."

"கவர்மெண்டுகிட்டயா!"

"கணக்குல உண்மை, கேள்விக்குப் பொய். சம்பந்தமே இல்லாத வார்த்தையா இருக்கணும்." தட்டிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். "இது வெளிய போச்சுன்னா பாத்துக்கோங்க. உங்களுக்கு முடி வெட்டுறது நான்தான்."

ஒன்பது நாள் அந்த வார்த்தை ரேடியோவின் வயிற்றில் கிடந்து புரண்டது. பத்தாம் நாள், தபால்காரரின் ஒரு கன்னம் மழித்து மறு கன்னம் நுரையாக இருக்கும்போது போன் வந்தது.

"வரி ஆபீஸ்லேர்ந்து பேசறோம் சார். உங்க ரீஃபண்ட் நின்னுபோயிருக்கு. செல்லப்பிராணி பேரை மட்டும் சொல்லுங்க, விட்டுடலாம்."

அம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் கேள்வி கேட்டு ரேடியோ சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை. வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினார். ஏதாவது பேசியாக வேண்டுமே!

"பேரை மட்டும் சொன்னா எப்படி தம்பி? மேனேஜர். அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னா..."

மேனேஜர் குட்டியாக வந்தது, பூனையைக் கண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்தது எல்லாம் வரிசையாக வந்தன. எதிர்முனையில் பட்டன் தட்டும் சத்தம்.

"சார், தப்புன்னு வருது."

"வளர்த்தவனுக்குத் தெரியாதா? கேளுங்க, ஒரு நாள் அது மாடிப்படியில..."

"ரெண்டு தடவை தப்பாயிடுச்சு சார், இன்னொரு தப்புன்னா கணக்கு பூட்டிக்கும்! வேற பேரு ஏதாவது?"

"கோபமா இருந்தா மேனேஜர் சார்னு கூப்பிடுவோம்."

"பூட்டிக்கிச்சு!" இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"பதினோரு நிமிஷம்" என்றார் தபால்காரர், நுரைக்குள்ளிருந்து. "நாங்க வருஷக்கணக்கா இந்த ரம்பத்தைத் தாங்கறோம்ணே. திருடனுக்குப் பொறுமை பத்தல."

ரேடியோ அலுவலகக் கடிதத்தில் அச்சாகியிருந்த எண்ணைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னார். அங்கேயும் பதினோரு நிமிஷம்.

ரீஃபண்ட் வந்தது. நாற்காலியும் வந்தது. முதலில் ஏறி உட்கார்ந்த தபால்காரர், அது இறங்குகிறதா என்று இரண்டு முறை குதித்துப் பார்த்தார்.

"சரிண்ணே, நிஜமா என்ன வார்த்தை போட்டீங்க? நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

கத்தரிக்கோல் நின்றது. காத்திருந்தவர்கள் செய்தித்தாளை மடித்து வைத்தார்கள். ரேடியோ வாயைத் திறந்தார். எதிர்க் கண்ணாடியில், காதோரம் ஒரு முடி பிசகாமல் மனைவி வெட்டிவிட்ட தன் தலை தெரிந்தது.

"தலையைக் குனிங்க" என்றார்.