பச்சைத் தண்ணீர்

கல்லூரியில் எனக்குப் பூஞ்சை அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளர் வேலை. கிருமி வளர்க்கும் அகார்க் கூழ் காய்ச்சுவது, தட்டுகளில் ஊற்றுவது, கிருமி தடவுவது, எல்லாம் முடிந்ததும் ஆட்டோகிளேவ் என்கிற நீராவிப் பானையில் அவித்துக் கழுவிக் கவிழ்ப்பது. கல்யாணம் ஆகவில்லை. வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை என்பதால் இங்கே தட்டுகளோடு பேசுவேன். அவை எதிர்த்துப் பேசுவதில்லை, அந்த மட்டுக்கு நிம்மதி.

எதிர்த்துப் பேசாத இன்னொரு ஜீவன் என் தங்கை. மூன்று வருடமாக அவள் என்னோடு எப்படியுமே பேசுவதில்லை.

காரணம் என் வாய்தான். அவள் வீட்டுக்குப் பின்னால் வண்டுகொல்லிச் செடி ஒன்று ஆளுயரத்துக்கு நின்றது. அதன் இலையில் களிம்பு செய்து, படர்தாமரை வந்தவர்களுக்கெல்லாம் சின்ன டப்பாவில் கொடுப்பாள். தெருவே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள் வைத்தியம் பார்க்கிறாள், கிருமிகளோடு குடும்பம் நடத்துகிற என்னிடம் ஒருத்தரும் ஒரு தும்மலுக்குக்கூட யோசனை கேட்பதில்லை. ஆமாம், பொறாமைதான். இப்போது சொல்ல என்ன வெட்கம்?

ஒருநாள் அவளிடம் சொல்லாமலே நாலு இலையைக் கிள்ளி வந்தேன். அரைத்து, தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, கைவசம் இருந்த பாக்டீரியாத் தட்டில் குழி போட்டு ஊற்றினேன். சாற்றுக்குச் சக்தி இருந்தால் குழியைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். மறுநாள் பார்த்தால் குழியின் விளிம்புவரை கிருமி கொழுத்துக் கிடந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த வாரமே அவள் வீட்டில் ஒரு விருந்து. உறவும் அக்கம்பக்கமும் கூடியிருந்தார்கள். யாரோ களிம்பைப் புகழ்ந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? "லேப்ல போட்டுப் பாத்துட்டேன். அதுல ஒண்ணும் இல்ல, வெறும் பச்சைத் தண்ணி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் வீட்டுக்காரர்தான் உரக்கச் சிரித்தார். சாப்பிட்ட தட்டுகளை அவள் அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதோடு சரி, பேச்சு நின்றது.

கோபம் தணிந்தால் அவளே கூப்பிடட்டும் என்று நானும் வீம்பாக இருந்தேன். வீம்பு என்று சொன்னேனே தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் போனின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுத்தான் துணி மடிப்பேன். நாலு புடவையை எத்தனை தடவை மடிப்பது?

போன மாதம் 'பாதிநேரம்' ஒரு பை நிறைய இலையோடு ஆய்வகத்துக்கு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்கு நடுவே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிறவர், அதனால் அந்தப் பெயர். பைக்குள் எட்டிப் பார்த்தேன். வண்டுகொல்லி.

அவர் தண்ணீரில் ஒரு சாறு எடுத்தார், ஆல்கஹாலில் ஒரு சாறு எடுத்தார். பாக்டீரியாவோடு படர்தாமரைப் பூஞ்சையிலும் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். இரண்டுமே எனக்குத் தோன்றாதவை. பாக்டீரியாத் தட்டில் மறுநாளே பெரிதாக ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது. பூஞ்சை சோம்பேறி, வளர ஒரு வாரம் எடுக்கும். அந்த ஒரு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏழாம் நாள் காலை, அவர் வருவதற்கு முன்பே தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தண்ணீர்ச் சாற்றைச் சுற்றி ஒன்றும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் ஆல்கஹால் ஊற்றிய குழியைச் சுற்றியும் ஒன்றும் இல்லை. ஆல்கஹாலில் எடுத்த இலைச் சாற்றைச் சுற்றி மட்டும், துடைத்து விட்ட மாதிரி ஒரு வட்டம். அளந்தேன். இருபத்திரண்டு மில்லிமீட்டர். நம்பாமல் மறுபடியும் அளந்தேன். அதேதான்.

தட்டில் நடப்பது தோலிலும் நடக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நான் பத்துப் பேர் முன்னால் சொன்னது தப்பு. அங்கேயே நின்றபடி தங்கையைக் கூப்பிட்டேன்.

நேற்றுதான் பேசி போனை வைத்த மாதிரி "சொல்லுக்கா" என்றாள். தண்ணீர், ஆல்கஹால், பூஞ்சை, வட்டம், இருபத்திரண்டு என்று முன்னுக்குப் பின் உளறிக் கொட்டிவிட்டுக் கேட்டேன்.

"களிம்ப நீ எதுலடி செய்வே? தண்ணியிலயா?"

"எண்ணெயிலக்கா. இலையைப் போட்டு, எண்ணெய் பச்சையாகுற வரைக்கும் காய்ச்சுவேன். ஒரு சொட்டு தண்ணி சேக்க மாட்டேன். நீ கேக்கவே இல்லையே?"

தண்ணீரில் இறங்காத சத்து எண்ணெயில் இறங்கலாம். இருபத்தாறு வருட அனுபவம். இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

"அன்னிக்கு நான் சொன்ன கோபத்துலதானே பேசாம இருந்தே?"

"உன்மேல எனக்கென்னக்கா கோபம்? நீ லேப்ல பாத்துச் சொன்னே, சரியாத்தானே இருக்கும். மறுநாளே செடியை வெட்டிட்டேன். இத்தனை பேரை ஏமாத்திட்டோமேன்னு தெருவுல தலைகாட்டவே கூசிச்சு. உன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

முக்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்த மூன்று வருடமும் அவள் என்னை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உன் வீட்டுக்காரர் இருக்காரா? ஸ்பீக்கர்ல போடு. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேன், இன்னிக்கும் எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"இங்க யாருக்கா இருக்கா? அவருக்கு வேலை மாத்தலாகி ரெண்டு வருஷமாச்சு. பொண்ணு ஹாஸ்டல்ல. நான் ஒருத்திதான்."

எனக்குத் தெரியாது. அங்கே அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒற்றை ஆளாகத்தான் துணி மடித்திருக்கிறாள். சுவருக்காவது கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். போட்டாள்.

"உன் களிம்ப நான் சோதிக்கவே இல்லடி. தப்பு என்னோடது" என்று உரக்கச் சொன்னேன். இந்தப் பக்கம் தட்டுகளும் கேட்டுக்கொண்டிருந்தன.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எத்தனைன்னு சொன்னே?"

"இருபத்திரண்டு மில்லிமீட்டர்."

"அது பெருசாக்கா?"

தட்டை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணீர் மறைத்தது.

"பெருசுடி" என்றேன்.