சந்தேகத் தாத்தா சொன்ன ஹீட்டர்

வேலை பார்த்த காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். மனிதர்களில் இரண்டே வகைதான் என்று அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது. டிக்கெட் எடுக்காமல் ஏறி மாட்டிக்கொண்டவன் ஒரு வகை, மாட்டிக்கொள்ளாதவன் இன்னொரு வகை. நல்லவன் என்று மூன்றாவதாக ஒரு வகை உண்டு என்கிறார்கள். என் பஸ்ஸில் அவன் ஏறியதில்லை.

மகள் வீட்டோடு வந்து தங்கியபோது, மாப்பிள்ளை ஆபீஸ் வேலையை விட்டிருந்தார். இப்போது செய்வதற்கு அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று பெயர். எனக்கு உட்கார வைத்து விளக்கினார். பொருள் எவனுடையதோ, கடை எவனுடையதோ. இவர் அந்தப் பொருளைப் பற்றி வீடியோவில் பேசி, கீழே ஒரு லிங்க் போடுவார். அதைத் தொட்டு யாராவது வாங்கினால் இவருக்குக் கமிஷன்.

"புரோக்கர்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்றேன்.

"புரோக்கர் இல்ல மாமா, பார்ட்னர்."

"வீட்டு புரோக்கரும் அட்வான்ஸ் வாங்கற வரைக்கும் அப்படித்தான் சொல்லுவான்."

ஒரு தடவை என்னைப் பெரிய ஹால் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். எல்லாரும் இந்தத் தொழில்காரர்கள். மேடையில் திரையில் ஒரு கோடு படியேறுகிற மாதிரி ஏறிக்கொண்டே போனது. இந்தத் தொழில் வருஷா வருஷம் வளர்கிறது, இனிமேல்தான் நிஜமான வளர்ச்சி என்றான் பேசியவன். பேசி முடித்துவிட்டு, சம்பாதிக்கச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றை விற்றான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வேறொரு வகுப்பு விற்றான்.

"இங்க எல்லாரும் விக்கறவனாவே இருக்கீங்க. வாங்கறவன் எங்க உக்காந்திருக்கான்?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"வீட்ல மாமா. வாங்கறவங்க அவங்கவங்க வீட்ல இருக்காங்க."

அன்றைக்கு அது எனக்குச் சரியான பதிலாகத்தான் பட்டது.

நான் கேமரா முன்னால் வந்தது தற்செயல். மாப்பிள்ளை ஒரு கெட்டிலைக் காட்டி நல்லவிதமாகப் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் போன நான் சும்மா இருக்க மாட்டாமல், "கைப்பிடி கிழவன் பல்லு மாதிரி ஆடுது, காசும் கொடுத்துக் கையையும் சுட்டுக்கணுமா?" என்றேன். அதை வெட்டாமல் அப்படியே போட்டார். அந்த வீடியோ தீப்பிடித்த மாதிரி பரவியது. அந்தக் கெட்டிலை விட்டுவிட்டு, அவர் காட்டிய இன்னொரு கெட்டிலை ஜனங்கள் வாங்கித் தள்ளினார்கள்.

அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகத் தாத்தா என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் வேண்டாம் என்றால் வேண்டாம். பரவாயில்லை என்றால் போதும், மொய்ப்பார்கள். "நல்லா இருக்கு" என்று நான் எதையும் சொன்னதில்லை. என் வாயில் அது வராது.

நான் பரவாயில்லை என்றதையெல்லாம் வாங்குகிற ஒருத்தி என் தங்கை. புருஷன் போனபின், ஊரின் மறுகோடியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருப்பவள்.

"ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு கெட்டில்?" என்று கேட்டால், "லிங்க்ல வாங்கினா உன் பொண்ணு வீட்டுக்கு நாலு காசு வருமில்ல அண்ணே" என்பாள். கதவுக்கு நான் பரவாயில்லை என்ற பூட்டு. வாசலுக்கு நான் பரவாயில்லை என்ற கேமரா வைத்த காலிங்பெல். கட்டிலில் படுத்தபடியே, வந்தவன் மூஞ்சியைப் போனில் பார்க்கலாம், பேசலாம்.

ஒரு வீடியோவில் அவளை நினைத்துத்தான் சொன்னேன். "இப்பல்லாம் குரலைக்கூடச் செய்யறானுங்க. போன்ல கூடப் பொறந்தவனே பேசினாலும் நம்பாதீங்க. 'நான்தான்'னு சொல்றவன மொதல்ல நம்பாதீங்க." அதற்கு ஜனங்கள் கைதட்டினார்கள். தங்கை போன் பண்ணி, "தங்கமான வார்த்தை அண்ணே" என்றாள்.

குளிர் தொடங்கும் முன்பு மாப்பிள்ளை ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்து, கேமரா முன்னால் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவாம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என் ஆயுசில் யாரும் என்னைப் பார்த்து, "கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க" என்று சொன்னதில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். அர்த்தமில்லாத வாக்கியங்கள். ஆமாம், இல்லை, கண்டிப்பாக. கோபமாக ஒரு தடவை, சிரித்து ஒரு தடவை. இருமல் வந்தால் அடக்க வேண்டாம் என்றார். இரண்டு மத்தியானம் படித்தேன். மகள் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "செய்தி வாசிக்கறவர் தோத்தாரு போங்கப்பா" என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. கொடுத்த நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் பையில் போடாத கண்டக்டர், அந்தக் காகிதத்தை மட்டும் எதற்கு என்று கேட்கவில்லை.

பிறகு ஹீட்டர் வந்தது. சின்னது, முதுகில் கேஸ் டப்பா மாட்டுவது. அறையைச் சாத்திக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடித்தது. எழுந்தபோது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வாந்தி எடுத்துவிட்டு வந்து கேமராவைப் பார்த்துச் சொன்னேன்: "இது குளிர விரட்டாது, ஆள விரட்டும். கதவ மூடிட்டு எரிச்சா, காலையில எழுப்ப ஆள் தேடணும். வாங்காதீங்க."

வழக்கமாகச் சிரிக்கிற மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கேமராவை அணைத்தார். "மத்த பொருளுக்குக் கிடைக்கறதுல மூணு மடங்கு கமிஷன் மாமா, இதுக்கு."

"அப்ப மூணு மடங்கு சத்தமா வாங்காதீங்கன்னு சொல்லுங்க."

அவர் ஹீட்டரைப் பெட்டியில் போட்டு மூடினார். அத்தோடு அது முடிந்தது என்று நினைத்தேன்.

குளிர் நன்றாக இறங்கிய ஒரு சாயங்காலம் சவரக் கடைக்குப் போனேன். பாதிக் கன்னத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தபோது கடைக்காரர் சொன்னார், "தாத்தா, நீங்க சொன்ன ஹீட்டர வாங்கிட்டேன். இன்னிக்குத்தான் வந்துச்சு."

"எந்த ஹீட்டர்?"

போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். அதில் நான் இருந்தேன். என் பழுப்பு ஸ்வெட்டர், என் மூக்குக்கண்ணாடி. "கதவுக்குக் கீழ துணிய அடைச்சுட்டு, ராத்திரி பூரா பக்கத்துலயே வெச்சுப் படுத்தேன்" என்றேன். நடுவில் இருமினேன். அது என் இருமல்தான், அந்த மத்தியானம் இருமியது. "நல்லா இருக்கு. நம்பி வாங்குங்க."

சோப்பு காய்ந்து கன்னம் இழுத்தது. "அது நான் இல்லய்யா" என்றேன். "அத எரிக்காத. திருப்பி அனுப்பு."

அவர் போனை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "கம்பெனிக்காரன் பேசினபடி காசு கொடுக்கலையா தாத்தா? கோவமா இருக்கீங்க."

பாதிச் சவரத்தோடு வீட்டுக்கு வந்தேன். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். திரையில் அந்த ஹாலில் பார்த்த மாதிரியே ஒரு கோடு ஏறிக்கொண்டிருந்தது. என் கன்னத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"குரலையும் முகத்தையும் ஹீட்டர் கம்பெனிக்குக் கொடுத்தேன் மாமா. அவங்க என்ன பேச வைப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"வந்தப்புறம் தெரியும்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

"இப்பவே எடுங்க."

"என்னோடத எடுத்துடறேன். ஆனா இத இப்ப நூத்துக்கணக்கான பேர் அவங்கவங்க லிங்க்க மாட்டிப் போட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது மாமா. யார்கிட்டப் போய் எடுக்கச் சொல்றது?"

கரண்டியோடு சமையல்கட்டு வாசலில் நின்ற மகள், "அத்தை" என்றாள்.

நான் திரும்பினேன்.

"ஹீட்டர் ஆர்டர் போட்டிருக்கேன்னு அத்தை சொன்னாங்கப்பா. நேத்து வந்திருக்கும்."

போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டேன். நெடுநேரம் மணி அடித்தபிறகு எடுத்தாள்.

"அந்த ஹீட்டர அணை. இப்பவே. ஜன்னலத் தொற."

"யாரு?"

"உங்கண்ணன்."

சிரித்தாள். இழுத்து இழுத்து, நாக்கு தடித்தவள் மாதிரி சிரித்தாள். "எங்கண்ணன் வீடியோல நல்லா இருக்குன்னு சொல்லிருக்காரு. நீ யாருடா அவர் குரல்ல பேசறவன்? அடுத்து பேங்க் நம்பர் கேப்பியா?"

"ஏய், நான்தான்."

"'நான்தான்'னு சொல்றவன மொதல்ல நம்பாதன்னும் அவர்தான் சொல்லிருக்காரு. வைடா போன, நாயே."

திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. மகள் அடித்தாள், அதற்கும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை வண்டிச் சாவியை எடுத்தார். "நீங்க உக்காந்து மொதல்ல அந்தக் கண்றாவிய எடுங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடி டாக்சி பிடித்தேன்.

வழியெல்லாம் கடைகளில் விளக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. குளிர் காலத்தில் யார்தான் சாத்த மாட்டார்கள். முன்பெல்லாம் அது என் கண்ணில் பட்டதே இல்லை.

தங்கை வீட்டுக் காலிங்பெல்லை அழுத்தினேன். கேமராவில் சின்ன விளக்கு எரிந்தது. பெல்லுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "வந்துட்டியா? மூஞ்சியையும்தான் இப்ப செய்யறானுங்களாமே."

"கதவத் தொற. தலை வலிக்குதா உனக்கு?"

"வலிக்குது. எந்திரிக்க முடியல. நாளைக்கு வா."

கதவை இடித்தேன். இந்தப் பூட்டை உடைக்கத் திருடன் ஒரு நாள் லீவு போட வேண்டும் என்று நானே சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. தோள்தான் வலித்தது.

அப்போது அந்தப் பஸ் நினைவுக்கு வந்தது. தையல் கம்பெனிக்கு அவள் என் பஸ்ஸில்தான் போய்வருவாள். ஒரு நாள்கூட நான் சும்மா விட்டதில்லை. கூட்டத்துக்கு நடுவில், தெரியாதவளைக் கேட்கிற மாதிரி, அவள் தோளில் தொங்கும் பையைச் சொல்லிக் கேட்பேன். அவமானத்தில் மாதக்கணக்கில் பேசாமல்கூட இருந்திருக்கிறாள். மாப்பிள்ளை படிக்கச் சொன்ன காகிதத்தில் அது இல்லை.

பெல்லில் வாயை வைத்து, பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில் கத்தினேன். "பச்சப் பை! டிக்கெட் எடுத்தாச்சா?"

பெல்லை மறுபடி அழுத்தினேன்.

"கூடப் பொறந்தவன் வண்டின்னா ஓசியில வரலாம்னு நெனப்பா? டிக்கெட்டக் காட்டிட்டு எறங்கு!"

உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. பிறகு கால் தரையில் இழுபடுகிற சத்தம். "தங்கச்சிகிட்ட டிக்கெட் கேட்ட வெக்கங்கெட்ட கண்டக்டர் ஒலகத்துலயே ஒருத்தன்தான்" என்று முனகிக்கொண்டே வந்தாள். பூட்டு திறக்க வெகுநேரம் ஆயிற்று.

என் மேலேயே சாய்ந்தாள். கதவுக்குக் கீழே அடைத்திருந்த துணி என் காலில் சிக்கியது. அவளை வராந்தாவில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் ஹீட்டரை அணைத்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். வெளியே வந்தபோது வாந்தி எடுத்திருந்தாள். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டதாக மகள் போனில் அழுதாள்.

தங்கை கண்ணைப் பாதி திறந்து என்னைப் பார்த்தாள். "பாதி மூஞ்சியில சோப்பு" என்றாள். பிறகு, "உன் பொண்ணுக்கு நாலு காசு வந்துச்சா அண்ணே?"

நான் அவள் வாயைத் துடைத்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. எனக்குத் தெரிந்த இருமல். அதற்குப் பின்னால், "நல்லா இருக்கு. நம்பி வாங்குங்க."

அந்தக் கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம் வரவில்லை. துணியின் ஓரம் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தட்டினேன்.

"யாரு?" ஆண் குரல்.

"ஹீட்டர அணைங்க. பக்கத்து வீட்டம்மா சாகப் பார்த்தாங்க. ஜன்னலத் தொறங்க."

"யாருய்யா நீ?"

"அந்த வீடியோல பேசற தாத்தா."

உள்ளே ஒரு பெண் சிரித்தாள். கூடவே ஒரு குழந்தையும் சிரித்தது. "தாத்தா இங்க டிவில இருக்காருய்யா" என்றான் அவன். "இந்த மாதிரி வருவானுங்கன்னு அவர்தான் சொல்லிருக்காரே. போய்யா, போ."

அந்த வீட்டுக்காரனிடம் கேட்பதற்கு என்னிடம் ஒரு டிக்கெட்டும் இல்லை. இரண்டு கையாலும் கதவை இடித்தேன். நான் இடிக்க இடிக்க, அவர்கள் உள்ளே என் குரலின் சத்தத்தைக் கூட்டினார்கள்.