யார் மூத்தவர் என்று பதிவேட்டில் பார்த்தது

அப்பாவும் அத்தையும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. சண்டை யார் மூத்தவர் என்பதுதான். சான்றிதழ்படி அப்பா நாற்பத்தாறில் பிறந்தவர். அத்தையிடம் சான்றிதழே இல்லை, வாய் மட்டும் இருந்தது. இவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவளே நான்தான் என்பார். வருகிற வெள்ளிக்கிழமை அத்தைக்கு இதய ஆபரேஷன். அக்கா என்று கூப்பிடாமல் அவன் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பா உடனே, மாவட்டப் பதிவேட்டில் அவள் பிறந்த வருஷத்தை நகல் எடுத்து வா என்று என்னை விரட்டினார். இரண்டுக்கும் ஒரே பிடிவாதம், அலைச்சல் எனக்கு.

ஆவண அறைக் குமாஸ்தா என் நாலு வரி விண்ணப்பத்தை மூன்று முறை படித்தார். பிறப்புப் பதிவேடு கேட்டால் இறப்பையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தார். பிரித்தால் திரும்பக் கட்டக் கயிறு இல்லையாம்.

நாற்பத்தாறில் அப்பா இருந்தார். அதே வீட்டு எண்ணில், நாற்பத்தெட்டில் அத்தை. பாவம் அத்தை, என்று நினைத்துக்கொண்டேன். நகல் வர நேரமானதால் சும்மா இறப்பைப் புரட்டினேன். நாற்பத்தேழில் அதே வீடு, அப்பாவின் பெயர், வயது பத்து மாதம், காய்ச்சல். அப்பா அன்று காலை மட்டும் எனக்கு மூன்று தடவை போன் செய்திருந்தார்.

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. பிறப்பில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கச் சொன்னார். ஐம்பதில் அதே வீட்டில் ஓர் ஆண் குழந்தை, பெயர்க் கட்டம் காலி.

"பெரியவன் பேரையே சின்னவனுக்கும் வச்சிருப்பாங்க. பள்ளிக்கூடத்துல பேர் போட்ட சான்றிதழ் கேட்டிருப்பாங்க. வீட்டுல இருந்தது அது ஒண்ணுதான்."

அப்பா நகல்களை வரிசையாக வைத்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

"அப்போ என்னை நாலு வருஷம் முன்னாடியே ரிட்டயர் பண்ணிட்டாங்க" என்றார். அப்புறம் அத்தைக்குப் போன் போடச் சொன்னார்.

"அக்கா."

அத்தை கேட்டார்: "யாருடா சொன்னா உனக்கு?"

அத்தைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இத்தனை சண்டையில் ஒரு தடவை சொல்லியிருக்கலாமே என்றார் அப்பா.

"உன்னைப் பள்ளிக்கூடத்துல சேர்த்த அன்னிக்கு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். செத்த பிள்ளை பேருன்னு தெரிஞ்சா நீ பயந்துடுவியாம்."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். உடனிருப்பவருக்கான படிவம் ஒன்று கொடுத்தார்கள். உறவு என்ற இடத்தில் தம்பி என்று எழுதினார். வயது என்ற இடத்தில் பேனா நின்றது. படுக்கையில் இருந்த அத்தையைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, எனக்கு என்ன வயசு?"