இரண்டு முறை கழித்த தாமதம்

அந்த நியூட்ரான் விண்மீனுக்கு ஈவிரக்கம் கிடையாது. பக்கத்து விண்மீனின் வாயுவை உறிஞ்சித் தின்றபடி பம்பரமாய்ச் சுழன்று, எக்ஸ் கதிர்களைத் துடிப்பு துடிப்பாக வீசும். அதில் வலுவான கதிர் முந்தும், மெலிந்தது சற்றுப் பிந்தும் என்பதே இதுவரை எல்லோரும் கண்டது. நம் ஆய்வாளரோ மெலிந்ததுதான் முந்துகிறது என்று கண்டுபிடித்துவிட்டுத் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தார். மதியம் கீழ் அரங்கில் அதைப் பேச வேண்டும். எடுபட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

கருவிக்கூடத்தில் மச்சான் ஸ்பேனரும் கையுமாக நின்றார். மனைவியின் அண்ணன், கதிர்களைப் பதியும் கருவியைச் செய்தவர். கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று சண்டை போட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இன்று அவரே வாயைத் திறந்தார்.

"மாப்ளே, மெலிஞ்ச கதிரை நம்ம கருவி கொஞ்சம் லேட்டாத்தான் பதியும். அந்தத் தாமதத்தைக் கழிச்சீங்களா?"

"கழிக்காம இருப்பேனா? எனக்கே பாடமா?"

"நான்தான் கருவிக்குள்ளயே கழிச்சுட்டேனே. ரெண்டு தடவை கழிஞ்சிருக்கு. அதான் முந்துற மாதிரி தெரியுது."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேட்டீங்களா?" மச்சான் ஸ்பேனரை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "மேடை ஏறுங்க. எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

ஆய்வாளருக்குக் கண்மண் தெரியவில்லை. ஸ்பேனரை எடுத்து வாயிலேயே அடித்தார். பல் தெறித்தது. மச்சான் பாய்ந்து கழுத்தை நெரித்தார். இருவரும் அலமாரியில் மோதிக் கண்ணாடி நொறுங்கியது. ஸ்பேனரின் இரண்டாவது அடி மச்சானின் காதுக்கு மேலே விழுந்தது. எலும்பு உடையும் சத்தம் நன்றாகவே கேட்டது.

"ஒரு தடவை... கழிச்சுப் பாருடா," என்றார் மச்சான், தரையில் ரத்தத்தைத் துப்பியபடி.

தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மனுஷன் போய் உட்கார்ந்ததோ கணினி முன்னால். தான் கழித்ததை நீக்கிவிட்டு மறுபடி கணக்கை ஓட்டினார். பின்னால் மூச்சு இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. அவருக்கு எரிச்சலாக இருந்தது, பாவி. திரையில் கோடு மெல்ல எழுந்தது. மெலிந்த கதிர் பிந்தியே வந்தது.

"நீங்க சொன்னது சரிதான் மச்சான்," என்று திரும்பினார்.

மூச்சுச் சத்தம் நின்றிருந்தது. அப்போதுதான் தொலைபேசியை எடுத்தார்.

"அடிபட்டு எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டது ஆம்புலன்ஸ்காரர் குரல்.

காலமெல்லாம் நொடியைப் பிளந்து கணக்குப் பார்த்தவருக்கு அது தெரியவில்லை.