தாமதத்துக்கு வருந்துகிறோம்

எங்கள் தையல்காரிக்கு நாற்பது வருஷமாகத் தைக்கத்தான் தெரியும். ஒரு நாள் மூன்று பெண்பிள்ளைகள் புத்தம்புதுக் கால்சட்டைகளைக் கொண்டுவந்து முட்டியில் கிழித்துத் தரச் சொன்னார்கள். கிழிசல் மேலே ஏறாமல் ஓரத்தை மட்டும் தைக்க வேண்டுமாம். எதற்கென்று கேட்டதற்கு, நாங்கள் பங்க் இசைக் குழு, வந்து பாருங்கள் என்றிருக்கிறார்கள். இவளும் போயிருக்கிறாள். மறுநாள் காலை நடைப்பயிற்சியில் என்னையும் சிஸ்டரையும் வழிமறித்துக்கொண்டாள்.

"கிடார்ல மூணே மூணு பிடிதான் அக்கா. வேகமா வாசிக்கணும், கோபமாப் பாடணும். தப்பாப் போனாலும் நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். நம்மளால முடியாதா?"

சிஸ்டர் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது. தையல்காரிக்கு ஐம்பத்தொன்பது. எனக்கு அறுபத்திரண்டு. ஊசி, மருந்து, மாத்திரை பற்றிப் பேசவேண்டிய வயதில் இது என்ன கூத்து என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு வெகுநாளாக ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது.

முப்பத்தோரு வருஷம் நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தேன். ஒலிபெருக்கிப் பெட்டியில் ஒரு முள் இருக்கும். பேசும்போது அது பச்சைக் கோட்டுக்குள்ளேயே ஆட வேண்டும், சிவப்பைத் தொட்டால் மேற்பார்வையாளர் வந்து நிற்பார். என் முள் ஒரு தடவைகூடச் சிவப்பைத் தொட்டதில்லை. வீட்டிலும் அப்படியே பழகிவிட்டேன். தொட்டால் என்ன ஆகும், என் தொண்டையிலிருந்து எப்படிப்பட்ட சத்தம் வரும், சாவதற்குள் ஒரு தரம் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை. மனுஷிக்குத் தன் குரலே தெரியாமல் போவது என்ன நியாயம்?

தையல் கடையின் பின்னறையில் ஒத்திகை. சுவர் மறைய வெட்டுத்துணி மூட்டைகள் அடுக்கியிருந்ததால் சத்தம் தெருவுக்குப் போகவில்லை. அந்தப் பெண்பிள்ளைகள் தங்கள் பழைய டிரம்ஸைக் கொடுத்தார்கள். சிஸ்டர் மகனுடைய கல்லூரிக் காலத்துக் கிடாரைப் பரணிலிருந்து இறக்கினார். டிரம்ஸில் உட்கார்ந்த தையல்காரியின் கால் மிதிக்கும் வேகத்தைச் சொல்லி மாளாது. ஆனால் எட்டு அடிக்கு ஒருமுறை கால் தானாக நின்றுவிடும். துணியின் மூலை வந்ததும் நிறுத்தித் திருப்பிப் பழகிய கால் அது. சிஸ்டர் ஒவ்வொரு பாட்டையும் தொடங்கும்முன் "வலிக்காது" என்பார். முடிந்ததும் "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்பார். அவரவர் புத்தி அவரவரை விடுமா.

பாட்டு அவரவர் கோபத்திலிருந்து வர வேண்டும், இரவல் கோபம் செல்லாது என்று தையல்காரி கறாராகச் சொல்லிவிட்டாள். அவள் பாட்டு 'நாளைக்கே வேணும்'. இன்று துணி கொடுத்து நாளை கேட்பவர்களை அதில் வறுத்தெடுத்திருந்தாள். சிஸ்டர் பாட்டு 'கையைக் கழுவு', டாக்டர்களுக்கு. மூன்றாவது பாட்டு என்னுடையது. நூலக மாடியில் நிகழ்ச்சிக்கு இடம் கேட்டு நாளும் குறித்தாகிவிட்டது. என்னிடம் ஒரு வரிகூட இல்லை. கோபம் இல்லையென்றால் ஓரமாக நின்று கிலுகிலுப்பை ஆட்டு என்று தையல்காரி விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாக இல்லை. கத்த வந்த இடத்திலும் கத்தாமல் திரும்பினால், பிறகு எங்கே போய்க் கத்துவது?

மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடி தேடுகிறவள் மாதிரி நான் கோபத்தைத் தேடினேன். ஒழுகும் குழாய், பக்கத்து வீட்டு வண்டியின் புகை, மாடிப்படியில் செருப்பு. நோட்டில் எழுதி வாசித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது.

சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். ஒரே ஒத்திகையில் நான் பதினேழு முறை மன்னிப்புக் கேட்டேன் என்று கணக்கு வைத்திருந்தார். தையல்காரியின் கால் நின்றதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். கிடார்க் கம்பி அறுந்ததற்கும் நான்தான் கேட்டேன். என் வேலை அப்படி. இந்த எண் வண்டி இத்தனை நிமிஷம் தாமதம் என்று ஒரு துண்டுச்சீட்டு வரும். ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று நான் இரண்டு முறை சொல்வேன். எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது விதி. யார் யாரோ பழுதாக்கிய வண்டிகளுக்கெல்லாம் முப்பத்தோரு வருஷம் வருந்தியிருக்கிறேன்.

கடைசியாக வீட்டில் யாரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சிஸ்டர் கேட்டார். அண்ணனிடம் என்றேன். அம்மா போன தேதியில் வருஷா வருஷம் அண்ணன் போன் செய்வான். உங்க பஸ் மட்டும் அன்னைக்கு நேரத்துக்கு வந்திருந்தா அம்மா முகத்தைப் பார்த்திருப்பேன் என்பான். மன்னிச்சுக்கோ அண்ணா என்பேன். பதினொரு வருஷமாக இப்படித்தான். அன்று நான் பணியில்கூட இல்லை, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"வண்டி எவ்வளவு லேட்டு?" என்றார் சிஸ்டர்.

"நாற்பது நிமிஷம்."

"கிளம்பி வான்னு அண்ணனுக்கு எப்போ சொன்னீங்க?"

"மூணு நாள் முன்னாடி."

தையல்காரியின் கால் நின்றது. இந்த முறை மூலைக்காக இல்லை.

அம்மா இரண்டு வருஷம் என் வீட்டில் படுக்கையில் கிடந்தார். அண்ணன் அதில் ஒரே ஒரு முறை வந்து ஒரு மணி நேரம் இருந்தான். இதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அன்று வெட்டுத்துணி மூட்டைமேல் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். பல் கூச்சம் எங்கே என்று தேடுகிறவர்களுக்குத் தட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார் சிஸ்டர்.

பாட்டு அன்றே வந்துவிட்டது, சத்தம்தான் வரவில்லை. எத்தனை முறை பாடியும் பச்சைக் கோட்டைத் தாண்டவில்லை. இருந்தும் அண்ணனை நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டேன். அவன் எதிரில் சொல்லாவிட்டால் சொன்னதாகவே ஆகாது என்று தோன்றியது. நாலு மணிக்கு என்று நேரத்தையும் சொன்னேன்.

நாலு மணிக்கு நூலக மாடியில் முப்பது பேர் இருந்தார்கள். கிழிந்த கால்சட்டைப் பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். அண்ணனுக்காகப் போட்ட நாற்காலி காலி. முதல் இரண்டு பாட்டும் முடிந்தன. கைதட்டலில் தையல்காரி அழுதுவிட்டாள். காத்திருக்கலாமா என்று சிஸ்டர் மெல்லக் கேட்டார். வேண்டாம் என்று மைக் முன்னால் போனேன்.

"பயணிகளின் கவனத்திற்கு. மூன்று நாட்களுக்கு முன்பே அழைக்கப்பட்ட பயணி இன்னும் வந்து சேரவில்லை."

சபை சிரித்தது. அப்போது கதவு திறந்தது. அண்ணன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.

"வண்டியின் தாமதம் நாற்பது நிமிடம். பயணியின் தாமதம் இரண்டு ஆண்டுகள். இந்தத் தாமதத்துக்கு நாங்கள் வருந்துகிறோம்."

வருந்தவில்லை என்பதுதான் பாட்டு. நாக்கு காலைவாரிவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்துப் பெருந்தன்மையாகத் தலையசைத்தான். பரவாயில்லை, போகட்டும் என்று போனில் எப்போதும் சொல்வானே, அதே தலையசைப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தப்பாகப் போனாலும் நிறுத்தக் கூடாது என்பது தையல்காரியின் சட்டம். அவள் கால் நிற்கவில்லை. எட்டாவது அடியைத் தாண்டியும் மிதித்துக்கொண்டே போனாள். எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது என் விதி. இரண்டாவது முறை தொடங்கினேன். மூன்று நாட்கள் என்ற இடத்தில் குரல் உடைந்தது. நாற்பது நிமிடத்தில் ஏறியது. இரண்டு ஆண்டுகள் என்றபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. 'வருந்தவில்லை' என்பதை எத்தனை முறை சொன்னேன் என்று எனக்குத் தெரியாது, விதியெல்லாம் போயிற்று. கரகரப்பாக, அகலமாக, கொஞ்சமும் அழகில்லாத குரல். இதுதானா நீ, இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று அதைக் கேட்கத் தோன்றியது.

"அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றார் சிஸ்டர், மைக்கிலேயே.

கூட்டம் கலைந்த பிறகும் அண்ணன் நாற்காலியை விட்டு எழவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொண்டை எரிந்தது. அவன் கைக்குட்டையை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தான்.

"பஸ் சரியான நேரத்துக்குத்தான் வந்துது" என்றான். "நான்தான் லேட்டாக் கிளம்பினேன்."

"இன்னைக்கா?"

மடித்த கைக்குட்டையைப் பிரித்தான்.

"அன்னைக்கும் நான் கிளம்பினது லேட்டுதான்."

மன்னிச்சுக்கோ அண்ணா என்று வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதைச் சொல்ல வேண்டியவன் பக்கத்தில்தான் இருந்தான், அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.